ஏழாம் நம்பர் மிஷின்

அன்பு மாப்ளே ஜாபர்,

உன்னை அடித்த பெல்ட் இன்னும் ஸ்டோர் ரூம் ஆணியில்தான் தொங்குகிறது. பழைய கம்ப்ரஸரிலிருந்து கழற்றியது. உள்பக்கம் பல் வைத்த பெல்ட். ஓரம் பிய்ந்து நூல் தெரிகிறது. ஸ்டோருக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. யாரும் அதை எடுத்து எறியவில்லை. நானும் எறியவில்லை.

நாளைக்கு ஆயுத பூஜை. போன ஆயுத பூஜைக்கு நீ உயிரோடு இருந்தாய், இரண்டு காலோடு இருந்தாய். இப்போது கம்பெனியில் எல்லாருக்கும் வேறு பயம். ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடுமாம். பெரிய முதலாளியின் மருமகன் சின்னவர் தினமும் என் அறைக்கு வந்து, "ஏனுங்க சண்முகம், நம்ம பொட்டிக தாங்குமுங்களா?" என்று கேட்கிறார். உன் முதுகைக் கிழித்த அதே கையால் என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். நான் "தாங்குமுங்க" என்கிறேன். இந்த ஒரு வருஷத்தில் நான் அதிகம் சொன்ன சொல் இதுதான்.

இது உனக்கு எழுதும் கடிதம். ஆனால் மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் கணிதத்தில் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. கல்லூரி வேலைக்குப் போன இடத்திலெல்லாம் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் உள்ளே போனான். கடைசியில் சூலூர் ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து சேர்ந்தேன். என்னைத் தள்ளிவிட்டவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம். கோபம் வந்தால் வரிசையாகச் சொல்லுவேன். நீ சிரிப்பாய். "அவனுகளுக்கெல்லாம் உன் பேரே ஞாபகமிருக்காது மாப்ளே. நீ எதுக்கு இன்னும் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு இருக்கறே?"

நீ பத்தாவதோடு நின்றவன். கோட்டைமேட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் விரலைச் சுட்டுச் சுட்டுத் தொழில் கற்றவன். கம்பெனியில் பராமரிப்பு வேலைக்கு வந்து, பத்துக் கம்ப்யூட்டரையும் உதிரி உதிரியாக வாங்கி நீயே பூட்டினாய். பத்தும் ஒரே நிறம், ஒரே அளவு. உனக்கு மட்டும் ஒவ்வொன்றின் கீறலும் தெரியும்.

பத்து மிஷினுக்கும் ஒரே டெலிபோன் லைன், ஒரே மோடம். அதற்காக ஒருநாள் டிராயிங் பிரிவு ஆளும் சேல்ஸ் ஆளும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டன் தெறித்து என் கீபோர்டில் விழுந்தது. அன்றைக்குத்தான் ப்ராக்ஸி போடலாம் என்று உன்னிடம் சொன்னேன். ஒரு மிஷின் மட்டும் வெளியே போகும். மற்றவை எல்லாம் அதனிடம் கேட்கும். ஒருமுறை கொண்டுவந்த பக்கத்தை அது பத்திரமாக வைத்திருந்து அடுத்தவனுக்குக் கொடுக்கும்.

"கேன்டீன்ல எல்லாத்துக்கும் டீ வாங்கியாரவன்னு சொல்லு," என்றாய். "இதுக்கு எதுக்கு இங்கிலீஸ் பேரு?"

அந்த மென்பொருளுக்கு விலை இல்லை. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அதன் மூல நிரல் இருந்தது. யாரோ எந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அப்படியே ஓடாது. நம் மிஷினில் நாமே கம்பைல் செய்து நிறுவிக்கொள்ள வேண்டும். "ஓசீல குடுக்கறான், அதையும் அரிசியாவே குடுக்கறான்," என்றாய். "சரி, கோயமுத்தூர்க்காரனுக்கு அரைக்கச் சொல்லியா தரணும்?"

அரைக்க மூன்று நாள் ஆயிற்று. முதல் கட்டளை கொடுத்ததும் அது மிஷினை முழுக்க விசாரிக்கத் தொடங்கியது. கம்பைலர் இருக்கிறதா, வேலை செய்கிறதா, இந்தக் கோப்பு இருக்கிறதா, அந்தக் கோப்பு இருக்கிறதா என்று திரையில் வரி வரியாக ஓடியது. ஸ்டேஷன் விசாரணை மாதிரி இருக்கிறது என்றாய். இல்லை மாப்ளே. அது ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆம், இல்லை என்று எழுதியது. அந்தப் பொறுமை மனிதர்களிடம் கிடையாது. என்னிடமும் இல்லை.

அடுத்த கட்டளையில் சிக்கல். பாதி கம்பைல் ஆகும், செத்துவிடும். மறுபடி தொடங்கினால் வேறு ஒரு கோப்பில் சாகும். இரண்டாம் நாள் மத்தியானம் நான் எழுந்து அந்த மிஷினை எட்டி உதைத்தேன். கேபினட் தகடு உள்வாங்கியது. இன்னொரு உதைக்குக் காலை ஓங்கும்போது நீ குறுக்கே வந்து உட்கார்ந்தாய்.

"அடிக்காத மாப்ளே. அடிச்சா உண்மையச் சொல்லாது."

"பின்னே என்ன செய்ய?"

"ஒரே எடத்துல நின்னா நிரல்ல கோளாறு. எடம் மாத்தி எடம் மாத்தி நிக்குதுன்னா மிஷின்ல கோளாறு. இரு, தொறந்து பாக்கலாம்."

திறந்தாய். ரேம் பட்டையை உருவி, உன் மகளிடமிருந்து வாங்கி வந்த வாசனை ரப்பரால் அதன் தங்கப் பற்களைத் துடைத்தாய். மாட்டினோம், செத்தது. ஒவ்வொரு பட்டையாகக் கழற்றிக் கழற்றி ஓட்டினாய். கெட்டது எது என்று மூன்றாம் நாள் காலை தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டதும் கம்பைல் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, முக்கால் மணி நேரம். நீ திரையையே பார்த்துக்கொண்டு முறுக்குத் தின்றாய். கடைசிக் கட்டளையில் நிறுவி முடித்தபோது பத்து மிஷினும் ஒரே நேரத்தில் வெளியே போயின. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அதற்குப் பிறகு நமக்குள் நடந்த சண்டையை நீ யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். எந்த மிஷின், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக்குப் போனது என்று ப்ராக்ஸி ஒரு பதிவேடு வைக்கும். வேண்டாமென்றால் ஒரே ஒரு வரியில் அணைத்துவிடலாம்.

"அணைச்சுப்போடு," என்றாய். "டீ வாங்கியாரவன் எவன் எத்தனை டீ குடிச்சான்னு எதுக்கு எழுதி வெக்கணும்?"

"வேலை நேரத்துல எவன் என்ன மேயறான்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு? நீயென்ன வாத்தியாரா?"

அந்தச் சொல் சுட்டது. வாத்தியார் ஆக முடியாதவனிடம் அதைக் கேட்டாய். வேண்டுமென்று கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காகவே பதிவேட்டை அணைக்காமல் விட்டேன். அதோடு நிற்கவில்லை. பதிவேட்டில் விழும் எந்த மிஷின் எண் யார் மேசை என்று ஒரு சார்ட் அடித்து, பெரிய முதலாளியின் அறையிலிருந்து பார்த்தால் தெரியும்படி என் அறைக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒன்று முதல் பத்து வரை. ஏழு: ஜாபர், பராமரிப்பு. பெரியவர் பார்த்துவிட்டு, "பரவால்லீங்களே," என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. லேத், டிரில்லிங் மிஷின் எல்லாம் இருந்த இடத்திலேயே கழுவிப் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர்களை மட்டும் ஹாலுக்குத் தூக்கி வரச் சொன்னார் பெரியவர். பத்தையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினோம். நீ அன்றைக்கு இல்லை. தங்கச்சி கல்யாணத்துக்குச் சத்தியமங்கலம் போயிருந்தாய். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பத்து மிஷினையும் கைக்கு வந்தபடி தூக்கிப் பத்து மேசையில் வைத்தது நான். பத்தும் ஒன்றுபோல இருந்தன. எண் மிஷினுக்குள் இருக்கிறது, மேசையில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே நீ சொன்னாய்.

"இது என் மிஷின் இல்ல மாப்ளே. என்னுது பர்ச்சேஸ்ல ரங்கராஜ் மேசைக்குப் போயிருச்சு. நாலஞ்சு மாறிக் கெடக்குது. சார்ட்ட மாத்திப்போடு."

"மாறினா என்ன, பொண்டாட்டியா தேடிப் புடிக்க? எல்லாம் ஒரே மிஷின்தான்."

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் சார்ட்டு பொய் சொல்லும், அதான்."

நாளைக்கு மாற்றுகிறேன் என்றேன். அந்த நாளை பதினோரு நாள் தள்ளிப் போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை சின்னவர் என் அறைக்கு வந்தார். நம் புது பம்ப்பின் டிராயிங் அடுத்த கம்பெனிக்காரன் கைக்கு மெயிலில் போய்விட்டது. அவர் கண் சிவந்திருந்தது. "போன வாரம் வெளி மெயில் பக்கம் யார் போனதுன்னு உங்க பொட்டி சொல்லுமா?"

"சொல்லுமுங்க." பெருமையாகத்தான் சொன்னேன்.

பதிவேட்டை அச்சிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒரே மிஷின்தான் போயிருந்தது. ஒருமுறை, காலை பதினொன்றே கால் மணிக்கு.

"ஏழுங்க."

"ஏழு யாரு?"

நான் வாயால் உன் பெயரைச் சொல்லவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியில் இருந்த சார்ட்டைக் காட்டினேன். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் தூங்கப் பார்த்திருக்கிறேன்.

குண்டு வெடித்து, கடைகள் எரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்த வருஷம் அது. உன்னைப் போல் பெயர் வைத்திருந்தவனிடம் அந்த வருஷம் இந்த ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. சின்னவர் சார்ட்டைப் படித்துவிட்டு, "அதான பாத்தேன்," என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஸ்டோர் ரூமுக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். டெஸ்பாட்ச் ஆட்கள் இரண்டு பேர் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவர் அடித்தார். முதல் அடிக்கு நீ சத்தம் போடவில்லை. மூன்றாவதில், "ஏனுங்க, ஏனுங்க, சொல்றதக் கேளுங்க," என்றாய். தோல் கிழியும்போதுகூட உன் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை. பிறகு எதிலோ மோதி விழுந்தாய். வார்ப்பு அச்சுகள் அடுக்கியிருந்த ரேக் உன் காலில் சரிந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாய்.

"மாப்ளே, சார்ட்டு. சார்ட்டச் சொல்லு மாப்ளே."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் என் அறைக் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தேன். கதவைத் திறந்து, "மிஷின் மாறிப்போச்சுங்க, தப்பு என்னுதுங்க," என்று சொல்ல ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. நான் சொல்லவில்லை. சொன்னால் பெல்ட் என் பக்கம் திரும்பும் என்ற பயம் பாதி. பெரியவர் சொன்ன "பரவால்லீங்களே" போய்விடுமே என்பது மீதி. தாழ்ப்பாளைப் பிடித்தபடி அடிகளை எண்ணினேன். பதினாலு. அப்புறம்தான் கதவைத் திறந்துகொண்டு போய், "போதுமுங்க, செத்துப்போயிருவான்," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் கிடந்து நீ என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் உன்னை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து நான் செய்த வேலை என்ன தெரியுமா? சார்ட்டை மாற்றினேன். பழையதை உரித்தெடுத்து, சரியான சார்ட் அடித்து ஒட்டினேன். ஏழு: ரங்கராஜ், பர்ச்சேஸ். அடித்து ஓய்ந்தவர்கள் யாரும் அதன் பிறகு கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் துணிந்து ஒட்டவில்லை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் ஒட்டினேன்.

ரேக் சரிந்து விபத்து என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. போலீஸ் என்னைக் கேட்டபோது, "நான் என் ரூம்ல இருந்தேனுங்க, ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன். முதல் பாதி உண்மை.

உனக்குச் சர்க்கரை உடம்பு. பாதத்தில் பட்ட காயம் கறுத்தது. பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நான் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், உன் பெண்டாட்டி நசீமா மாத்திரை வாங்க வெளியே போனதும், நீ கண்ணைத் திறந்து கேட்டாய்.

"சார்ட்ட மாத்திட்டியா மாப்ளே?"

"மாத்திட்டேன்."

"அது போதும். இன்னொருத்தன் அடி வாங்கக் கூடாதல்லோ."

அதற்குப் பின் ஒன்பது நாள் இருந்தாய். உன் பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாய். அது மன்னிப்பா, தண்டனையா? உன்னைச் சுமந்துபோன சந்தூக்குக்கு நான் தோள் கொடுத்தேன். தோலில் ஒரு காயமும் இல்லாத தோள் அது.

நசீமா இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். உன் மகள் பத்தாவது போய்விட்டாள். கம்பெனி டிராயிங்கைத் திருடி விற்றவன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, காம்பஸ் முனையால் அவள் அந்தப் பெண்ணின் கையைக் குத்திவிட்டாள். தலைமை ஆசிரியையைப் பார்க்க நசீமாவோடு நானும் போனேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நசீமா கேட்டாள்.

"அண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. அவரு செஞ்சாரா?"

"இல்லம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் டீ கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறாள். அழுது கேட்பதில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

பதில் சொல்லத் தைரியம் இல்லாதவன் அடுத்தவனை அடிப்பான். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைப் ரெஞ்சைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மதுக்கரைக்குப் போனேன். ரங்கராஜ் தன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் மேல் படிந்த சிமென்ட் ஆலைத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க சார்," என்று நிமிர்ந்தான். ஏழாம் நம்பர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓங்கி அடித்தேன். தலைக்குத்தான் ஓங்கினேன். அவன் கையைக் குறுக்கே வைத்தான். எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த விறகு ஒடிந்ததுபோல் கேட்டது.

அவன் மண்ணில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "சார், அந்த மிஷின்ல நான் மட்டுமா உக்காந்தேன்? காலைல நான் சரக்குப் பாக்க குடோனுக்குப் போயிருவேன். டெஸ்பாட்ச்காரங்க உக்காருவாங்க, சின்னவரே உக்காந்து சீட்டு வெளையாடுவாரு. நம்பர் மிஷினுக்குத்தானுங்க, ஆளுக்கில்லையே."

சார்ட்டை மாற்றினால் உண்மை வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சரியான சார்ட்டும் ஆளைச் சொல்லாது என்பதை ஒரு எலும்பை உடைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த டிராயிங்கை அனுப்பியது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ இல்லை என்பது மட்டும் தெரியும். ரங்கராஜ் என்மேல் புகார் கொடுக்கவில்லை. வண்டியிலிருந்து விழுந்ததாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு, தினமும் காலையில் எனக்கு இடது கையால் வணக்கம் வைக்கிறான். நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னை இப்படித்தான் கொல்வது என்று முடிவு செய்துவிட்டீர்களா மாப்ளே?

நான் கோபத்தோடு பெயர்களைச் சொல்லிப் பார்ப்பேனே, அந்த வரிசை, இப்போதும் சொல்கிறேன். சின்னவர் பெயர் அதில் சேர்ந்திருக்கிறது. அதை நான் அழிக்கப் போவதில்லை. ஆனால் எங்கே தொடங்கினாலும் என் பெயரில் வந்துதான் நிற்கிறது. ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நின்றால் கோளாறு எங்கே என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

நாளைக் காலை பத்து மிஷினையும் ஹாலுக்குத் தூக்கி வரும்போது, ஸ்டோர் ஆணியிலிருந்து அந்தப் பெல்ட்டை நான் கழற்றுவேன். ஏழாம் நம்பர் மிஷின்மேல் அதை வைத்து, சந்தனமும் குங்குமமும் இடுவேன். எங்கள் கம்பெனி இதுவரை எடுத்த ஆயுதம் அதுதான். பெரியவர் சூடம் காட்ட வரும்போது அதைப் பார்க்கட்டும். நான் உரித்து மறைத்த பழைய சார்ட்டும், அன்றைய பதிவேட்டின் தாளும், இந்தக் கடிதமும் அதற்குள் கேட்டில் ஒட்டியிருக்கும். பொரி வாங்க நிற்கும் அத்தனை பேரும் படிப்பார்கள். அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய், என் வாக்குமூலத்தின் இரண்டாம் பாதியைத் திருத்திக் கொடுப்பேன். ரங்கராஜின் கையையும் சேர்த்து.

ஆனால் முதல் பிரதி நசீமாவுக்கு. இன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறேன். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படிப்பாள். படித்து முடித்துக் கையில் அகப்பட்டதை எடுத்து என்னை அடிக்கலாம். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். எது வந்தாலும் வாசலிலேயே நிற்பேன். இந்த முறை என் கை தாழ்ப்பாளுக்குப் போகாது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பதினாலு அடியையும் எண்ணிக்கொண்டு நின்ற,
உன் மாப்ளே
சண்முகம்